ஜானி கோட்ரோ: கல்லூரி ஹாக்கியிலிருந்து என்.எச்.எல். வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஐஸ் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் கோட்ரோவைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு என் பதில்களையும் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் அவர். அதனால் சில பதில்கள் நீளமாகத்தான் இருக்கும்.

யார் இந்த ஜானி கோட்ரோ?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1993 ஆகஸ்ட் 13 அன்று பிறந்தவர். லெஃப்ட் விங்கர். பாஸ்டன் காலேஜில் மூன்று வருடம் ஆடி, அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் மிக உயர்ந்த தனிநபர் விருதான ஹோபி பேக்கர் விருதை 2014-இல் வாங்கினார். அப்புறம் கனடாவின் கால்கரி ஃப்ளேம்ஸ், அமெரிக்காவின் கொலம்பஸ் புளூ ஜாக்கெட்ஸ் என்று இரண்டு என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) அணிகளுக்கு ஆடினார். மொத்தம் 763 ஆட்டங்கள், 243 கோல், 500 அசிஸ்ட், 743 பாயிண்ட். ரசிகர்கள் செல்லமாக 'ஜானி ஹாக்கி' என்பார்கள். 2024 ஆகஸ்ட் 29 அன்று, 31 வயதில், சாலை விபத்தில் இறந்துபோனார்.

விங்கர் என்றால் என்ன? பாயிண்ட் எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒரு அணியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் பனியில் இருப்பார்கள்: ஒரு கோலி (கோலைக் காப்பவர்), இரண்டு டிஃபென்ஸ்மேன், மூன்று ஃபார்வர்டு. அந்த மூவரில் நடுவில் ஆடுபவர் சென்டர், இரண்டு பக்கமும் ஆடுபவர்கள் விங்கர்கள். ஒரு கோலுக்கு ஒரு பாயிண்ட். அந்தக் கோலுக்கு முன்னால் பக்கை (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கடைசியாகக் கைமாற்றிய இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு ஓர் அசிஸ்ட், அதற்கும் ஒரு பாயிண்ட். கோட்ரோவின் எண்களில் அசிஸ்ட் கோலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதைக் கவனியுங்கள். கோல் அடிக்கத் தெரிந்தவர்தான், ஆனால் அடுத்தவனுக்குக் கோல் அமைத்துக் கொடுப்பதில்தான் அவருடைய கை நிஜமாகப் பேசும்.

பனிக்குப் பேர்போன மின்னசோட்டா, மாசசூசெட்ஸ் பக்கம் இல்லாமல் தெற்கு நியூ ஜெர்சியில் எப்படி இந்த ஆட்டம் வந்தது?

அப்பா மூலமாகத்தான். தந்தை கை கோட்ரோ வெர்மான்ட் மாநிலத்துக்காரர், நார்விச் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். சூவெல் என்ற ஊரில் இருக்கும் ஹாலிடெல் பனி அரங்கில் ஹாக்கிப் பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்தார். பையன் நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே ஸ்கேட் மாட்டிப் பனியில் இறக்கிவிட்டார். குழந்தைக்கு ஸ்கேட் ஓட்டுவதில் பெரிய ஆர்வம் எதுவும் இல்லை. அதனால் ஸ்கிட்டில்ஸ் மிட்டாய்களைப் பனிமேல் வரிசையாக வைப்பாராம். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததை நோக்கித் தத்தித் தத்திப் போகவேண்டும், குனியவேண்டும், விழாமல் எழவேண்டும். குடும்பம் பலமுறை சொன்ன கதை இது. பிற்காலத்தில் அவர் குறுகின இடத்தில் சட்டென்று திசைமாறித் திரும்புவதைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கதை ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

பள்ளிப்படிப்பு குளோஸ்டர் கத்தோலிக்கப் பள்ளியில். அங்கிருந்து 2010-இல் அயோவா மாநிலத்தின் டபுக் ஊருக்குப் போய் யு.எஸ்.எச்.எல். என்ற ஜூனியர் லீக்கில் ஆடினார்.

திறமையான பையன்கள் எல்லாம் கனடாவின் பெரிய ஜூனியர் லீக்குகளுக்குத்தானே போவார்கள்? இவர் ஏன் போகவில்லை?

இந்த ஒரு முடிவில்தான் அவருடைய முழுப் பாதையும் இருக்கிறது. அந்தக் காலத்தில் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக்குகளில் ஆடியவரை அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. தொழில்முறை வீரராகவே கணக்கில் வைத்தது. ஒருமுறை அங்கே ஆடிவிட்டால் கல்லூரிக் கதவு மூடிவிடும். யு.எஸ்.எச்.எல். அப்படியில்லை, கல்லூரித் தகுதி பத்திரமாக இருக்கும். உடம்பு வளரத் தாமதமாகும் பையனுக்குக் கல்லூரி ரொம்ப நல்ல இடம், ஏனென்றால் வருடத்துக்கு சுமார் 40 ஆட்டம்தான், பெரும்பாலும் வெள்ளி, சனியில். வாரத்தின் மற்ற நாட்கள் எடை தூக்கவும் பயிற்சிக்கும் படிப்புக்கும் கிடைக்கும்.

டபுக் அணிக்கு அது முதல் சீசன். பயிற்சியாளர் ஜிம் மான்ட்கோமரி, பின்னாளில் என்.எச்.எல். அணிகளுக்கே தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். கோட்ரோ 60 ஆட்டத்தில் 72 பாயிண்ட் எடுத்தார், அந்த லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார், அணி அந்த லீக்கின் கிளார்க் கோப்பையையும் வென்றது.

இவ்வளவு ஆடியும் டிராஃப்டில் 104-வது ஆளாகத்தான் எடுத்தார்களா?

ஆமாம். 2011 டிராஃப்ட், நான்காம் சுற்று, கால்கரி ஃப்ளேம்ஸ். டிராஃப்டை ஐ.பி.எல். ஏலம் மாதிரி நினைக்கவேண்டாம். இங்கே அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும், பணம் கைமாறாது, பையனோடு ஒப்பந்தம் போடும் உரிமை மட்டும் அந்த அணிக்கு வரும்.

காரணம் உடம்புதான். அப்போது அவர் உயரம் 5 அடி 6 அங்குலம், எடை 137 பவுண்டு, அதாவது 62 கிலோ. என்.எச்.எல். வீரர்கள் சராசரியாக 6 அடிக்கு மேல், 90 கிலோ பக்கம் இருப்பார்கள். முழு வேகத்தில் வந்து மோதுவது சட்டப்படி ஆட்டத்தின் ஒரு பகுதியாக இருக்கும் இடத்தில் 62 கிலோ பையனை நம்பி யார் முதல் சுற்றை வீணாக்குவார்கள் என்பதுதான் அன்றைய யோசனை. தப்பான யோசனை என்று இன்று சொல்வது சுலபம். ஆனால் அவரை விட்டுவிட்ட அணிகள் அத்தனையும் அவர் ஆடுவதைப் பார்த்திருக்கும். பார்த்தும் தராசைத்தான் நம்பின.

நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குப் போவதாக இருந்தார் என்கிறார்களே?

உண்மைதான். அங்கே சேருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சியாளர் கிரெக் குரோனின் 2011 கோடையில் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்குப் போய்விட்டதால் கோட்ரோ மனம் மாறி, அதே ஊரில் இருக்கும் பாஸ்டன் காலேஜுக்கு வந்தார். அங்கே பயிற்சியாளர் ஜெரி யார்க். சின்ன உடம்புக்காரர்களை வேகமாக ஆடவிட்டு ஜெயிப்பதில் பேர்பெற்றவர் யார்க். கோட்ரோவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது.

பாஸ்டன் காலேஜில் என்ன சாதித்தார்?

முதல் வருடம் (2011–12): 44 ஆட்டம், 44 பாயிண்ட். பாஸ்டன் பகுதியின் நான்கு கல்லூரிகள் பிப்ரவரியில் மோதும் பீன்பாட் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர். அந்த சீசனின் கடைசி 19 ஆட்டங்களையும் பாஸ்டன் காலேஜ் தொடர்ந்து வென்றது. 19-வது வெற்றி, 2012 ஏப்ரல் 7 அன்று டாம்பாவில் நடந்த தேசிய இறுதிப்போட்டி. எதிரணி ஃபெரிஸ் ஸ்டேட்.

அந்த ஆட்டத்தில் அவர் போட்ட கோலைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். பாஸ்டன் காலேஜ் 2–1 என்று முன்னிலையில் இருக்கிறது, கடைசிப் பகுதி, சில நிமிடங்கள்தான் பாக்கி. ஃபெரிஸ் ஸ்டேட் சமன் செய்யத் துடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் எந்தப் பயிற்சியாளரும் சொல்வது, பக்கை எதிரணிப் பக்கம் ஆழமாகத் தள்ளிவிட்டு நேரத்தைக் கடத்து என்பதுதான். முதல் வருட மாணவன் கோட்ரோ பக்கோடு உள்ளே போகிறார். மறிக்க வந்த டிஃபென்ஸ்மேன் கம்பை நீட்டியதும் பக்கை அதற்கு எட்டாத பக்கம் இழுத்துக்கொண்டு அவரைத் தாண்டுகிறார். கோல் வாசலில் கோலி கீழே இறங்கிய கணத்தில் பேக்ஹேண்டில் மேலே தூக்கிப்போடுகிறார், வலையின் மேல்பகுதியில் போய் விழுகிறது. 3–1. ஆட்டம் 4–1 என்று முடிந்தது. 18 வயதுப் பையன், வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டத்தில், பதற்றத்தின் சுவடே இல்லாமல் செய்த வேலை அது.

இரண்டாம் வருடம்: 35 ஆட்டத்தில் 51 பாயிண்ட், நடுவில் ஒரு தங்கப்பதக்கம். 2013 ஜனவரியில் ரஷ்யாவின் உஃபா நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் அமெரிக்கா சுவீடனை 3–1 என்று வென்றது. போட்டியிலேயே அதிகமாக, 7 கோல் போட்டவர் கோட்ரோ.

மூன்றாம் வருடத்தை என்ன சொல்வது? 40 ஆட்டம், 36 கோல், 44 அசிஸ்ட், 80 பாயிண்ட். ஆட்டத்துக்கு இரண்டு. பில் ஆர்னால்டும் கெவின் ஹேஸும் அவரோடு ஒரே வரிசையில் ஆடினார்கள். ஹேஸ் மட்டுமே 65 பாயிண்ட் எடுத்தார். கல்லூரி ஆட்டத்தில் மூன்று பேர் இப்படிச் சேர்ந்து ஆடுவது அடிக்கடி கிடைக்காது. தேசிய அரையிறுதியில் யூனியன் கல்லூரியிடம் 5–4 என்று தோற்றார்கள், அது இன்றும் உறுத்தும் தோல்வி. அடுத்த நாள் அதே ஃபிலடெல்ஃபியாவில், அவர் வளர்ந்த ஊரிலிருந்து கூப்பிடுதூரத்தில், ஹோபி பேக்கர் விருதை வாங்கினார்.

இரண்டாம் வருடம் முடிந்ததுமே என்.எச்.எல். போயிருக்கலாமே?

போயிருக்கலாம். கால்கரியும் ஆவலாகத்தான் இருந்தது. தம்பி மேத்யூ 2013 இலையுதிர் காலத்தில் பாஸ்டன் காலேஜில் சேரப்போகிறார், ஒரே அணியில் அண்ணன் தம்பி சேர்ந்து ஆட ஒரு வருடம் கிடைக்கும் என்பதற்காக இருந்துவிட்டார். ஹாக்கிக் கணக்குப்படி பார்த்தாலும் அது சரியான முடிவு என்பதே என் கருத்து. அந்த வருடம்தான் அவர் நல்ல கல்லூரி ஆட்டக்காரர் என்ற நிலையிலிருந்து, பக் அவரிடம் வந்தாலே எதிரணி பின்வாங்கும் நிலைக்கு வளர்ந்தார். உடம்பும் கொஞ்சம் தேறியது. அவசரப்பட்டு 2013-இல் போயிருந்தால் இரண்டாம் நிலை லீக்கில் பஸ் பயணமும் அடிவாங்கலுமாக அந்த வருடம் கழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கல்லூரியில் அதிக நாள் இருந்தால் டிராஃப்ட் செய்த அணிக்கு என்ன கவலை?

உரிமை காலாவதியாகிவிடும். நான்கு வருடமும் கல்லூரியில் முடிக்கும் வீரரோடு அந்த ஆகஸ்ட் 15-க்குள் ஒப்பந்தம் போடாவிட்டால், அவர் விரும்பிய அணிக்குப் போகலாம். இதற்கு நல்ல உதாரணம் கோட்ரோவோடு ஆடிய அதே கெவின் ஹேஸ்தான். 2010-இல் சிகாகோ அவரை முதல் சுற்றில் எடுத்தது, அவர் நான்கு வருடமும் படித்துமுடித்து, 2014 ஆகஸ்டில் சுதந்திரமாகி, நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போனார். கோட்ரோவும் நான்காம் வருடம் தங்கியிருந்தால் கால்கரியில் பலருக்குத் தூக்கம் வந்திருக்காது.

சீசனில் ஒரே ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கும்போது ஏன் ஒப்பந்தம் போட்டார்கள்?

2014 ஏப்ரல் 11 விருது. அன்றே ஒப்பந்தம். ஏப்ரல் 13 வான்கூவரில் ஃப்ளேம்ஸின் கடைசி ஆட்டம். அதில் கோட்ரோவும் பில் ஆர்னால்டும் அறிமுகமானார்கள். கோட்ரோ வலையை நோக்கி அடித்த முதல் ஷாட்டே கோல். ஃப்ளேம்ஸ் 5–1 என்று தோற்றது, அந்த ஒன்று இவருடையது.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. புதியவர்களின் முதல் ஒப்பந்தம் இவர் வயதில் மூன்று வருடம், அதற்குச் சம்பள உச்சவரம்பும் உண்டு. அந்த ஒரு ஆட்டம் ஆடியதால் மூன்று வருடத்தில் ஒரு வருடம் கழிந்துவிட்டது, ஆக 2016-லேயே பெரிய ஒப்பந்தம் பேசலாம். கல்லூரியிலிருந்து வரும் நட்சத்திரங்களை வசந்தகாலத்திலேயே இழுக்க அணிகள் காட்டும் தூண்டில் இது. ஆனால் ஒரு சிக்கல்: ஒரே ஆட்டம் என்பதால் தொழில்முறை அனுபவக் கணக்கில் அந்த வருடம் சேரவில்லை. அதனால் 2016-இல் வேறு அணிகள் அவருக்கு ஒப்பந்தம் நீட்ட விதி இடம்கொடுக்கவில்லை, கால்கரியோடு மட்டும்தான் பேசமுடிந்தது. சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஆறு வருடம், 40.5 மில்லியன் டாலருக்குக் கையெழுத்தானது.

கல்லூரியிலிருந்து வந்ததும் தடுமாறவில்லையா?

கொஞ்ச நாள் தடுமாறினார். 2014–15 தொடக்கத்தில் முதல் ஐந்து ஆட்டத்தில் ஒரு பாயிண்ட்கூட இல்லை, அடுத்த ஆட்டத்தில் பயிற்சியாளர் பாப் ஹார்ட்லி உட்காரவைத்துவிட்டார். கல்லூரியில் 40 ஆட்டம், இங்கே 82. அங்கே முகம் முழுக்க மூடும் கம்பிக்கூண்டு கட்டாயம், சண்டை போட்டால் வெளியேற்றமும் அடுத்த ஆட்டத் தடையும். இங்கே கண்ணைக் காக்கும் கண்ணாடித்தடுப்பு மட்டும். எதிரில் வருபவர் 20 வயது மாணவர் இல்லை, 30 வயதில் குடும்பம் நடத்துபவர், தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஆடுபவர்.

உட்காரவைத்து எடுத்தபின் பிடித்துக்கொண்டார். டிசம்பரில், அப்போதைய சாம்பியன் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்கு எதிராக ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) போட்டு, அணியின் தொடர் தோல்வியை முடித்துவைத்தார். சீசன் முடிவில் 64 பாயிண்ட். புதுமுகங்களில் மார்க் ஸ்டோனோடு சேர்ந்து அதிகபட்சம் அதுதான். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதின் கடைசி மூவரில் ஒருவர். யாரும் எதிர்பார்க்காத ஃப்ளேம்ஸ் ப்ளேஆஃப் (சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போய், முதல் சுற்றில் வான்கூவரையும் வென்றது.

அந்தச் சின்ன உடம்போடு எப்படித் தாக்குப்பிடித்தார்?

எல்லாரும் 'வேகம்' என்பார்கள். வேகம் உண்டு, ஆனால் லீக்கிலேயே அதிவேகக்காரர் அவர் இல்லை. என்னைக் கேட்டால் அவருடைய பலம் நிதானம்தான். எதிரணி எல்லைக்குள் பக்கோடு நுழைவார், எல்லாரும் வலையை நோக்கிப் பாய்வார் என்று எதிர்பார்க்கும்போது பலகைச் சுவரோரம் சட்டென்று திரும்பி, ஒரு நொடி நிற்பார். துரத்தி வந்த டிஃபென்ஸ்மேன் தன் வேகத்திலேயே தாண்டிப் போய்விடுவார். அந்த ஒரு நொடியில் பின்னாலிருந்து இரண்டாவது அலையாக வரும் தோழர் காலியான இடத்துக்கு வந்திருப்பார், பக் அவர் கம்பில் இருக்கும். மோதலில் ஜெயிப்பது எப்படி என்று அவர் கவலைப்படவில்லை, மோதலே நடக்காத இடத்தில் நின்றார்.

எதிரணிகள் அவரை அடிக்காமல் விட்டுவிடவும் இல்லை. 2016 நவம்பரில் மின்னசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தில் கைகளில் கம்பால் அடிமேல் அடி விழுந்து விரல் முறிந்தது, 10 ஆட்டம் போனது. அதே சீசனில் 72 ஆட்டத்தில் அவர் வாங்கிய தண்டனை (விதிமீறலுக்காகப் பனிக்கு வெளியே உட்காரும் நேரம்) மொத்தம் 4 நிமிடம். நாகரிகமான ஆட்டத்துக்கான லேடி பிங் விருது 2017-இல் அவருக்கு வந்தது. இவ்வளவு அடிவாங்கியவர் திருப்பி அடிக்காமல் ஆடினார் என்பதால் அந்த விருதுக்கு நான் தனி மதிப்பு வைத்திருக்கிறேன்.

ப்ளேஆஃப் வந்தால் காணாமல் போவார் என்று ஒரு பேச்சு உண்டே?

அப்படி ஒரு காலம் இருந்தது, மறைக்கவேண்டியதில்லை. 2018–19-இல் 99 பாயிண்ட் எடுத்தவர், கொலராடோவுக்கு எதிரான ஐந்து ப்ளேஆஃப் ஆட்டத்தில் ஒரே ஒரு அசிஸ்ட். கால்கரியில் விமர்சனம் கடுமையாக இருந்தது. ஆனால் 2015-இல் ஆனஹைமுக்கு எதிராக 20 விநாடிகூட இல்லாதபோது சமன் செய்து, ஆட்டத்தைக் கூடுதல் நேரத்துக்குக் கொண்டுபோனதும் இதே ஆள்தான். அணி அந்த ஆட்டத்தை வென்றது.

இந்தப் பேச்சுக்கு முழுப் பதில் 2022-இல் வந்தது. டாலஸுக்கு எதிராக முதல் சுற்று, ஏழாவது ஆட்டம், தோற்றால் சீசன் முடிந்தது. டாலஸ் கோலி ஜேக் ஓட்டிங்கர் அன்று 64 ஷாட்களைத் தடுத்தார். கூடுதல் நேரத்தில் 15 நிமிடம் கடந்தபின், கோல் கோட்டுக்குப் பக்கத்தில், கோணமே இல்லாத இடத்திலிருந்து கோட்ரோ அடித்தது கோலியின் தோளுக்கு மேல் இருந்த சிறு இடைவெளியில் புகுந்தது. 3–2. அரங்கமே அதிர்ந்தது. அடுத்த சுற்றில் எட்மன்டனிடம் ஐந்து ஆட்டத்தில் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

அவருடைய மிகச்சிறந்த சீசன் எது?

அதே 2021–22. 82 ஆட்டம், 40 கோல், 75 அசிஸ்ட், 115 பாயிண்ட். எலையஸ் லிண்ட்ஹோம், மேத்யூ கச்சக் இவர்களோடு ஒரே வரிசை, மூன்று பேருமே 40 கோலைத் தாண்டினார்கள் அல்லது தொட்டார்கள். அவர் பனியில் இருக்கும்போது அணி போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வரும் எண் (தண்டனையால் எதிரணிக்கு ஆள் குறைந்தபோது போட்ட கோல்கள் இதில் சேராது) +64, லீக்கிலேயே முதலிடம். அந்த சீசனின் சிறந்தவர்களைக் கொண்ட முதல் ஆல்ஸ்டார் அணியின் லெஃப்ட் விங்கராகவும் தேர்வானார்.

அப்படிப்பட்ட சீசன் முடிந்ததும் கால்கரியை விட்டு ஏன் போனார்?

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க. 2022 ஜூலை 13 அன்று கொலம்பஸோடு ஏழு வருடம், 68.25 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம். கால்கரி இதைவிடப் பெரிய தொகை தர முன்வந்தது என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. கொலம்பஸ் அப்போது ஜெயிக்கும் அணி இல்லை, அதனால் பலருக்குப் புரியவில்லை, கால்கரி ரசிகர்களுக்குக் கோபமும் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதுதான், அதே மாதத்தில் கச்சக்கும் போய்விட்டார். ஆனால் குடும்பம் தொடங்கும் 28 வயது ஆள், பெற்றோர் எளிதில் வந்துபோகும் தூரத்தில் இருக்க விரும்புவதில் என்ன தவறு? கொலம்பஸில் 74, 60 பாயிண்ட் என்று இரண்டு சீசன். பழைய உயரம் இல்லை, சுற்றியிருந்த அணியும் அப்படி.

ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறாரா?

இல்லை. 2014-இல் அவர் கல்லூரி மாணவர். 2018, 2022 இரண்டுக்கும் என்.எச்.எல். தன் வீரர்களை அனுப்பவில்லை. அதற்குப் பதில் உலகச் சாம்பியன்ஷிப்புக்குப் பலமுறை போய், அந்தப் போட்டியில் அமெரிக்காவுக்காக அதிகப் பாயிண்ட் எடுத்தவர் ஆனார். அவர் இறந்த அடுத்த வருடம், 2025 மே மாதம் ஸ்டாக்ஹோமில், அமெரிக்கா சுவிட்சர்லாந்தை 1–0 என்று கூடுதல் நேரத்தில் வென்று அந்தப் பட்டத்தை எடுத்தது. ஒலிம்பிக்கோடு சேராமல் தனிப் போட்டியாக நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் 1933-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. அவர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் படம் எடுத்துக்கொண்டார்கள்.

2024 ஆகஸ்டில் என்ன நடந்தது?

தங்கையின் திருமணத்துக்காகக் குடும்பம் நியூ ஜெர்சியில் கூடியிருந்தது. மறுநாள் கல்யாணம். ஆகஸ்ட் 29 மாலை ஜானியும் தம்பி மேத்யூவும் சொந்த ஊர்ப் பக்கம், ஓல்ட்மன்ஸ் டவுன்ஷிப்பில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, முன்னால் போன வண்டிகளை முந்தப் பார்த்த ஒரு கார் பின்னாலிருந்து மோதி இருவரும் இறந்தார்கள். ஓட்டியவர் குடித்திருந்ததாகப் போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. மேத்யூவுக்கு 29 வயது.

கால்கரியில், விட்டுப்போனார் என்று கோபப்பட்ட அதே ரசிகர்கள், ஃப்ளேம்ஸின் சாடில்டோம் அரங்கின் படிக்கட்டில் பூக்களையும் ஸ்கிட்டில்ஸ் பாக்கெட்டுகளையும் குவித்தார்கள். கொலம்பஸ் அக்டோபர் 15 அன்று ஃப்ளோரிடாவுக்கு எதிராக முதல் உள்ளூர் ஆட்டத்தைத் தொடங்கியபோது, லெஃப்ட் விங் இடத்தைக் காலியாக விட்டு நான்கு ஆட்டக்காரர்களும் கோலியும் மட்டும் நின்றார்கள். பக் விழுந்தபின் யாரும் ஆடவில்லை. அவர் சட்டை எண்ணான 13-க்காக, 13 விநாடி ஓடவிட்டார்கள்.

தம்பி மேத்யூவும் தொழில்முறையாக ஆடினாரா?

ஆடினார். நான்கு வருடம் பாஸ்டன் காலேஜ், அப்புறம் ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல். என்ற கீழ்நிலை லீக்குகள். பிறகு, இருவரும் படித்த குளோஸ்டர் கத்தோலிக்கப் பள்ளிக்கே பயிற்சியாளராக வந்தார். கல்லூரியில் ஆடும் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் வாழ்க்கை மேத்யூவுடையதுதான். அண்ணனுடையது அபூர்வம்.

இன்று ஒரு சின்னப் பையன் இதே பாதையில் போகமுடியுமா?

முடியும், இப்போது வழி இன்னும் அகலம். கனடிய மேஜர் ஜூனியரில் ஆடினால் கல்லூரி கிடையாது என்ற விதி 2025 ஆகஸ்டில் போய்விட்டது. அதே வருடம் மெடிசின் ஹேட் என்ற கனடிய மேஜர் ஜூனியர் அணியிலிருந்து கேவின் மெக்கென்னா என்ற இளம் நட்சத்திரம் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்தது பெரிய செய்தி. 2021-இலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், கோட்ரோ காலத்தில் அது இல்லை. இதில் ஒரு சங்கடமும் உண்டு. கனடாவிலிருந்து 20 வயதில், முழுதாக வளர்ந்து வருபவர்கள் கல்லூரி இடங்களை நிரப்பும்போது, 18 வயதில் 62 கிலோவில் வரும் பையனுக்கு முதல் வருடத்திலேயே ஆட இடம் கொடுக்கும் பயிற்சியாளர் எத்தனை பேர் இருப்பார்கள்? எனக்கு உண்மையிலேயே இருக்கும் கவலை இது.

புதிதாகப் பார்ப்பவர் எந்த ஆட்டங்களில் தொடங்கலாம்?

2012 இறுதிப்போட்டியின் கடைசிப் பகுதியும் 2022-இன் டாலஸ் ஏழாவது ஆட்டமும். இரண்டுமே இணையத்தில் தேடினால் கிடைக்கும். கோல் துணுக்குகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், 2021–22 சீசனின் ஏதாவது ஒரு சாதாரண ஆட்டத்தையும் முழுதாகப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அவர் முக்கால் நிமிடம்தான் பனியில் இருப்பார். பக் வருவதற்கு முன்னால் எத்தனை தடவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் அவர் பாஸ் எங்கே போகிறது என்பது உங்களுக்கே முன்கூட்டித் தெரிய ஆரம்பிக்கும்.